எட்டு ஜிபி

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் மூன்றாம் மாடியில் திரை லேசாக நடுங்கும்.
சரக்கு வண்டி. ஐம்பத்தெட்டு பெட்டி.
எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்,
நீலப் பட்டை முப்பத்தொன்பது சதவீதத்தில் முரண்டு பிடிக்க.

மூடிப்போன பிரவுசிங் சென்டரில் எடுத்த கணினி.
'மேசை 7' ஸ்டிக்கரை இன்னும் உரிக்கவில்லை.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய், மவுஸ் தனி.
"இதுல விண்டோஸ் ஏறாது சார், மூச்சு வாங்கும்"
என்றார் கடையைக் காலி செய்துகொண்டிருந்த துரைக்கண்ணு.
ஏற வேண்டாம் என்றேன்.
பெங்குவினுக்குச் சித்திரை வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று
அப்போது யோசிக்கவில்லை.

இங்கே வைரஸை விட உப்புக்குத்தான் பயம்.
கடல் அது பாட்டுக்கு ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது,
ரேமுக்குப் பல் கறுக்கிறது.
மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி
மகளின் ரப்பரால் துலக்கிவிடுவேன்.
கறுத்த ரப்பருக்கு அவள் வகுப்பில்
என்ன காரணம் சொல்கிறாளோ.

பகலில் திருவொற்றியூர் யார்டில்
கன்டெய்னர் சீல் எண் சரிபார்ப்பவன் நான்.
பத்தொன்பது வருடம். ஒரு பெட்டியையும் திறந்ததில்லை;
திறக்க எனக்கு அனுமதி கிடையாது.
இரவில் கறுப்புத் திரையில் சூடோ என்று அடித்து
கடவுச்சொல் கொடுத்தால் போதும்,
எதையும் திறக்கலாம், உடைக்கலாம், திரும்பக் கட்டலாம்.
இந்தச் சுகத்தை மல்லேஸ்வரியிடம் விளக்கப் பார்த்தேன்.
"மொதல்ல கேஸ் வால்வத் தொறந்து பாரு,
லீக் ஆவுது" என்றாள்.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை
புதிய பதிப்பு வந்தது.
இரண்டு முறை கரண்ட் போய் வந்ததில்
வட்டுகள் இரண்டும் பெயர் மாறி நின்றதை நான் கவனிக்கவில்லை.
'எல்லாம் அழியும். தொடரலாமா?'
எத்தனையோ முறை பார்த்த கேள்வி.
தேநீரை ஊதிக்கொண்டே ஆம் என்று அடித்தேன்.

அழிந்தது அவள் சீட்டுக் கணக்கு.
இருபத்திரண்டு பெண்கள்.
யார் எந்த மாதம் எடுத்தார்கள், எவ்வளவு தள்ளி,
காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் தனக்கோடி
வைத்திருக்கும் இரண்டு தவணை பாக்கி,
நசீமா பானு முன்கூட்டிக் கட்டியது,
எல்லாம்.

விடிய விடிய மீட்புக் கருவியை ஓட்டினேன்.
பெயரில்லாத கோப்புகளாய் மேலே மிதந்து வந்தன:
பாதி முகத்தோடு ஒரு பிறந்தநாள் கேக்,
கரண்ட் பில்,
நானே மறந்துபோன என் பழைய ராஜினாமாக் கடிதம்.
சீட்டு வரவில்லை.

தண்ணி லாரி ஹாரன் அடித்தபோது சொல்லிவிட்டேன்.
குடத்தைக் கீழே வைத்தாள்.
தாலிச் சரட்டைக் கழுத்திலிருந்து வெளியே இழுத்தாள்.
மூன்று ஊக்கு,
மூன்றாவதில் மாட்டியிருந்தது
சிவப்பு பென் டிரைவ், எட்டு ஜிபி.
"வியாயக்கெயம வியாயக்கெயம எடுத்து வெச்சிப்பேன்.
நீதான சொன்ன, ரெண்டு எடத்துல இருக்கணும்னு."

சொன்னேன்தான். ஊருக்கெல்லாம் சொல்வேன்.
செய்ததில்லை.

உள்ளே ஒரே ஒரு கோப்புறை. பெயர்: நம்பாதே.
அதில் நாற்பத்தொரு நகல், தேதி பிசகாமல்.
சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.
குடத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

அன்றிரவே அவளுக்கென்று ஒரு கணக்கு தொடங்கி
எல்லா அதிகாரமும் கொடுத்தேன்.
என்னிடமே வழி கேட்டு, என்னை வைத்தே
அவள் செய்த முதல் வேலை
அந்த வட்டிலிருந்து என்னை விலக்கியது.

இப்போது ஆசைக்கு ஒருமுறை தட்டிப் பார்த்தால்
'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது திரை,
ஒற்று பிசகாத தமிழில்.
ஆறு வருடம் முன்பு, நைட் ஷிப்டில்,
சீல் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்து
அந்த வரியை மொழிபெயர்த்து அனுப்பியவன்
நான்தான்.